புரியைத் தள்ளிப் பாருங்கள்

கந்தர்வக்கோட்டைக் கடைத்தெருவில் நான் பார்த்த வலை ஊஞ்சல்கள் எல்லாம் நைலான். நார்க்கயிற்றில் பின்னியது கிடைக்குமா என்று கேட்டதற்கு, "அதுக்கு நீங்க கயிறு திரிக்கிறவுகளத்தான் பாக்கணும். தென்னந்தோப்புப் பக்கம் போங்க" என்றார் கடைக்காரர்.

கறம்பக்குடிச் சாலையில் போகப்போக முந்திரி குறைந்து தென்னை கூடுகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கரையேறிய கஜா புயல் இந்தப் பக்கத்துத் தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு வருடமாவது பிடிக்கும். காய் இல்லையென்றால் மட்டை இல்லை, மட்டை இல்லையென்றால் நார் இல்லை. அந்த வருடங்களில் வேறு வேலைக்குப் போனவர்களில் பலர் திரும்பவே இல்லை என்று அங்கே கயிறு திரிக்கும் கொட்டகை ஒன்றில் இருந்த பெண்கள் சொன்னார்கள்.

ராட்டை இப்போது மோட்டாரில் ஓடுகிறது. நடை மட்டும் மாறவில்லை. ஈரம் தெளித்த நாரை இடுப்பில் பொதியாகக் கட்டிக்கொண்டு, ஒரு பிடியைக் கொக்கியில் மாட்டி, விரலால் நாரை விட்டபடியே பின்னோக்கி நடக்கிறார்கள். கொக்கி சுழலச் சுழல அவர்கள் நடந்த தூரமெல்லாம் புரியாகிறது. இரண்டு புரிகளைச் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்கினால் கயிறு. புரி ஒரு பக்கம் அவிழப் பார்க்கும், கயிறு மறுபக்கம் அவிழப் பார்க்கும். அந்த இழுபறியில்தான் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. பசையோ முடிச்சோ எதுவும் கிடையாது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் எனக்கு இந்த வேலை அலுக்கவில்லை.

மூத்த அக்கா ஒருவர் ஒரு முழக் கயிற்றை இரு கையாலும் பிடித்து உள்நோக்கித் தள்ளிக் காட்டினார். புரிகள் விலகவில்லை. இன்னொரு கயிற்றை அப்படியே தள்ளியதும் விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்தது. "வாங்குறவுக நெறத்தத்தான் தம்பி பாக்குறாக. தள்ளிப் பாக்குறவுக ஒருத்தருமில்ல."

இறுக்கமான முறுக்குக்கு நாரும் கூட வேண்டும், நேரமும் கூட வேண்டும். கூலியோ கட்டுக் கணக்கு. தளர்வாக முறுக்கினால் நாளைக்கு இரண்டு கட்டு கூடும். மனிதர் படுக்கும் ஊஞ்சலுக்கு அந்தக் கயிறு போனால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும், அது அவரை உறுத்தவும் செய்கிறது.

நாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேங்காய் நாரில் லிக்னின் 40 சதவீதத்தை ஒட்டி இருப்பதால் ஈரத்தில் எளிதில் மக்காது. ஆனால் முதுகை உறுத்தும், பாரம் ஏறினால் நன்றாக நீளவும் செய்யும். அதனால் தொங்கு கயிற்றுக்கும் ஓரத்துக்கும் அதை வைத்துக்கொண்டு, படுக்கும் வலையைப் பருத்தியில் பின்னச் சொல்வதே சரி என்பேன். 1492இல் கொலம்பஸ் போய் இறங்கிய தீவுகளில் மக்கள் படுத்திருந்ததும் பருத்தி வலைகளில்தான். பருத்தி ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சை பிடிக்கும் என்பதால் மழைக்கு முன் கழற்றி வைக்க வேண்டும். சணல் மென்மையானது, மலிவு. நனைந்தால் வலுவிழக்கும், வீட்டுக்குள் மட்டும் கட்டலாம். கற்றாழை நார் அதிகம் நீளாது, நல்ல உறுதி. மெக்சிகோவின் யுகாத்தானில் அதன் இனத்தைச் சேர்ந்த ஹெனிக்கன் நாரிலும் ஊஞ்சல் பின்னியிருக்கிறார்கள். வெற்று முதுகோடு படுப்பவர்களுக்கு அது ஒத்துவராது.

நைலான் கலந்திருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் ஓர் இழையைப் பிய்த்துக் கொளுத்துங்கள். தாவர நார் காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். நைலான் உருகி மணியாகத் திரளும்.

கட்டும்போது கயிறு விறைப்பாக நிற்க வேண்டாம். தரையோடு முப்பது டிகிரி அளவுக்குச் சரிவு இருக்கட்டும். விறைப்பாகக் கட்டினால் கயிற்றின் மீது விழும் இழுவை பல மடங்காகும். நார்க்கயிறு முதல் சில வாரம் இறங்கிக்கொண்டே வரும், அவ்வப்போது ஏற்றிக் கட்ட வேண்டும்.

தொங்கு கயிற்றை அந்த அக்காவிடமே சொல்லியிருக்கிறேன். நீளக் கணக்கு வேண்டாம், எடைக்கு விலை, கூடுதல் முறுக்குக்குப் பிடிக்கும் நேரத்துக்குத் தனிக் கூலி என்று பேசிக்கொண்டோம். நாரை முந்தின நாளே நனைத்து வைக்க வேண்டுமாம். புதன்கிழமை வரச் சொன்னார்.