ஐகிரவுண்டுக்கு வாருங்கள், டாக்டர்களே!

முதுகலை மருத்துவக் கலந்தாய்வில் பலரும் முதலில் தேடுவது சென்னையைத்தான். 1965-இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியும் அந்தப் பட்டியலில் மேலே இருக்க வேண்டும் என்பேன். முக்கூடலில் மடியில் தட்டை வைத்து, புகையிலைத் தூளைச் சுவாசித்தபடி பீடி சுற்றும் பெண்ணின் இருமலுக்கும் இடுப்புவலிக்கும் பெரிய ஆஸ்பத்திரி என்றால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் உள்ள இந்தக் கல்லூரியின் மருத்துவமனைதான். நோயைத் தொழிலோடும் வீட்டோடும் சேர்த்துப் படிக்க இதைவிட நல்ல வகுப்பறை ஏது? முதுகலைப் பயிற்சி மருத்துவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்ற விதியின் நோக்கமும் இதுதானே.

"நோயாளிக் கூட்டத்தில் தூக்கம்கூட இருக்காது, அப்புறம் எங்கே படிப்பது?" என்பார்கள். நியாயமான கேள்விதான். கூட்டம் மட்டும் யாரையும் மருத்துவராக்கிவிடாது. பக்கத்தில் நின்று சொல்லித்தரும் ஆசிரியரும் வேண்டும், ஓய்வும் வேண்டும். அளவான பணிநேரம், வாரம் ஒருநாள் விடுப்பு என்று 2023 முதுகலை மருத்துவக் கல்வி விதிமுறைகளே சொல்கின்றன. அதைக் கேட்பது சோம்பேறித்தனமல்ல. களைத்த கை நோயாளிக்கும் ஆபத்து. பெருநகரத்தில் நவீனக் கருவிகள் அதிகம் என்பதும் உண்மைதான். ஆனால், கருவியைப் பிறகும் பழகிக்கொள்ளலாம். நோயாளி பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்கும் பழக்கம் பயிற்சிக் காலத்திலேயே படிய வேண்டும். விருப்பப் பட்டியலைப் பூட்டும் முன் ஒருமுறை தாமிரபரணிக் கரையையும் நினைத்துப் பாருங்கள்.