தவிலில் ஒரு பெயர்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் எதையும் வைத்துவிட்டுப் படிக்காதீர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. பின் சீட்டில் உறை போட்ட தவில். இறங்கியவருக்குத் தலை பாதி நரைத்திருந்தது.

"டீச்சர், என்னைத் தெரியுதா?"

தெரியவில்லை. "உட்காருங்க தம்பி" என்றேன். உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். பேசும்போதே வலது கை விரல்கள் திண்ணைத் தூணில் தட்டிக்கொண்டே இருந்தன. அதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அப்புறம் 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது.

1984. வேலைக்குச் சேர்ந்த புதிது. ஐந்தாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் இருந்தான். கணக்குப் போடச் சொன்னால் பெஞ்சில் தாளம் போடுவான். அவன் அப்பா கோயில் மேளம். வகுப்பில் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன், அவனை மட்டும் "மேளக்காரன் மகனே, எந்திரி" என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். அது எனக்கு அப்போது தப்பாகவே படவில்லை.

சரி, அவன் வந்த கதைக்கு வருகிறேன்.

அவனுடைய மகன் இன்னிசைக் குழுவில் டிரம்ஸும் பேடும் வாசிக்கிறான். பேட் என்றால், ரப்பர் கட்டங்கள் உள்ள மின்னணுப் பெட்டி. ஒரு கட்டத்தைத் தட்டினால் தபலா, இன்னொன்றைத் தட்டினால் உறுமி. புதிதாக, விலை கூடிய பேட் ஒன்று வாங்க வேண்டும் என்று பையன் ஒற்றைக் காலில் நின்றிருக்கிறான். அம்மாவின் சங்கிலியை அடகு வைப்பதாகப் பேச்சு. "அப்படி என்னதான் அது, நேர்ல பாத்துருவோம்" என்று, வைகாசி முகூர்த்தம் ஒன்றை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, மகனோடு மும்பைக்கு ரயில் ஏறியிருக்கிறான். அங்கே கோரேகாவில் பாம் எக்ஸ்போ என்று ஒரு கண்காட்சி. ஒலி, ஒளி, இசைக்கருவித் தொழிலில் இருக்கிறவர்கள் கூடுகிற இடம். இருபது வருஷத்துக்கும் மேலாக நடக்கிறதாம். அமெரிக்காவில் 1901-ல் தொடங்கிய 'நாம்' என்ற வியாபாரிகள் சங்கம் கலிஃபோர்னியாவில் நடத்துவது இதைவிடப் பல மடங்கு பெரியது என்று மகன் சொன்னானாம். தாராவியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, தினமும் மின்சார ரயிலில் போய் வந்திருக்கிறார்கள்.

உள்ளே போவதற்குக் கழுத்தில் ஓர் அட்டை. பெயர், தொழில், கம்பெனி மூன்றையும் கேட்டிருக்கிறார்கள். தொழிலுக்கு மகன் ஆங்கிலத்தில் ஏதோ போட்டுவிட்டான். "கம்பெனின்னு என்னப்பா போட?" என்று கேட்டானாம். இவன் யோசித்துவிட்டு, "நம்ம ஊர்ப் பேரைப் போடு" என்றிருக்கிறான். 'காரைக்குடி' என்று கம்பெனிப் பெயர் போட்ட அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். பத்திரமாக வைத்திருக்கிறான்.

"சத்தம்னா சத்தம் டீச்சர். நம்ம ஊர் தேரோட்டம் பத்து ஒண்ணா நடக்குற மாதிரி. ஆளுசரத்துக்கு ஸ்பீக்கர். ஆனா ஒரு சத்தமும் நெஞ்சுல நிக்கல."

டிரம்ஸ் கடைக்குப் போனதும்தான் கால் நின்றிருக்கிறது. எந்த டிரம்ஸிலும் தோல் இல்லை, வெள்ளை பிளாஸ்டிக். அதன் கதையை மகன் செல்போனில் தேடிப் படித்துக் காட்டியிருக்கிறான். முன்பெல்லாம் அவர்களுக்கும் கன்றுத்தோல்தான். ஈரக்காற்று பட்டால் தொய்ந்துவிடும். ரெமோ பெல்லி என்ற அமெரிக்க டிரம்ஸ் கலைஞர் 1957-ல் பாலியெஸ்டர் படலத்தை இழுத்துக் கட்டி விற்கும் கம்பெனியைத் தொடங்கினார். இன்றைக்கும் அந்த டிரம்ஸ் முகத்தில் 'ரெமோ' என்று அவர் பெயர் அச்சடித்திருக்கிறது.

"அந்த ஆள் பட்ட கஷ்டம் எனக்கு அப்படியே தெரியும் டீச்சர். ஐப்பசி மழையில கல்யாணம் வந்தா நாங்க தவிலைக் குழந்தை மாதிரி கம்பளில சுத்திக்கிட்டுத்தானே போறோம்" என்றான்.

கடைக்காரப் பையன் இவனையும் தட்டிப் பார்க்கச் சொன்னான். விரல் கூட்டை இவன் மறக்காமல் எடுத்துப் போயிருந்தான். துணியும் பசையும் சேர்த்துச் செய்து, வலது கை விரல்களில் மாட்டிக்கொள்வார்களே, அது. மாட்டிக்கொண்டு பேடில் ஐந்து நிமிஷம் வாசித்திருக்கிறான். நாலு பேர் கூடிவிட்டார்கள். அதில் ஒருவர் மிருதங்கம் கற்றவர். அட்டையைப் பார்த்துவிட்டு, "காரைக்குடியா! மணி சார் ஊரா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாராம். 1945-ல் நம் ஊரில் பிறந்து, 2023-ல் காலமான மிருதங்க வித்வான் காரைக்குடி மணியைத்தான் சொல்கிறார். ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு உலகமெல்லாம் கொண்டுபோனவர் அல்லவா? இவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்து அவர் கேட்டது: "உங்க தவில் யார் செய்தது?"

இவனுக்குச் சட்டென்று வாய் வரவில்லையாம்.

"அந்த ஹால்ல ஒரு ஸ்குரூ ஆணிக்குக்கூடப் பேர் போட்ருக்கு டீச்சர். என் தவில்ல எங்கயும் ஒரு எழுத்து இல்ல. பலாக்கட்டையைக் கடைஞ்சவர் ஒருத்தர். வலந்தலைக்கு ஆட்டுத்தோல், தொப்பிக்கு எருமைக் கன்னுத்தோல் பதம் பண்ணி மூட்டுறவர் இன்னொருத்தர். அவர்கிட்ட முப்பது வருஷமாப் போறேன். 'அண்ணே'ன்னுதான் கூப்பிடுவேன். அவர் பேரு என்னன்னு யோசிச்சா, எனக்குத் தெரியல."

அப்போது நான் கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

செய்பவர்களின் பெயர் நம் பக்கம் வெளியே வருவது அபூர்வம்தான். மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-ல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு புத்தகமே எழுதினார். பாலக்காடு மணி ஐயரைத் தெரிந்த அளவுக்கு, அவருக்கு மிருதங்கம் செய்த பர்லாந்தை நமக்குத் தெரியுமா? நம் மாவட்டத்து மானாமதுரையில் கடம் செய்யும் மீனாட்சி கேசவன் அம்மாவுக்குச் சங்கீத நாடக அகாடமி விருது கிடைத்தது. மண்ணைத் தட்டித் தட்டி நாதம் வரவைக்கிற கைக்கு மரியாதை. ஆனால் இப்படி எத்தனை பேருக்கு வாய்க்கிறது?

ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாகத் தோல் மூட்டுகிறவர் வீட்டுக்குப் போயிருக்கிறான். பெயரைக் கேட்டானாம். "இத்தனை வருஷம் கழிச்சு எதுக்குய்யா? ஏதும் போலீஸ் கேசா?" என்றாராம் அவர். இதைச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் சிரித்தோம்.

அப்புறம்தான் வந்த காரணத்தைச் சொன்னான். "தவில்ல அவங்க ரெண்டு பேர் பேரையும் எழுதணும் டீச்சர். எழுதுற ஆளுக்கு மாதிரி வேணும். உங்க போர்டு எழுத்து மாதிரி வேற யாருக்கும் வராது. ஒரு தாள்ல எழுதித் தாங்க."

தாளை எடுத்து வந்தேன். கை நடுங்கியது. வயசு மட்டும் காரணமில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன்: "தம்பி, நான் உன்னை ஸ்கேலால அடிச்சது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு டீச்சர். பங்குனி உத்திரத்துக்கு முதல் நாள். குன்றக்குடில அப்பாவோட முதல்தடவையா வாசிக்கப் போறேன். அதான் இடது கையை நீட்டினேன். நீங்க வலது கையைத்தான் நீட்டணும்னு சொல்லிட்டீங்க. நாலு அடி."

திமிர் என்று நினைத்தேன் அன்றைக்கு. காரணம் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். பத்து வயதுப் பிள்ளை, தன் பிழைப்புக்கு வேண்டிய கையைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறான்.

"வாசிச்சியா?"

"வாசிச்சேன். வீங்கித்தான் இருந்துச்சு. அப்பா கேட்டதுக்குக் கதவுல நசுங்கிருச்சுன்னு சொல்லிட்டேன்."

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "என்னை மன்னிச்சிரு தம்பி" என்றேன். "அட விடுங்க டீச்சர்" என்று எழுந்து நின்றுவிட்டான். அவன் விட்டுவிட்டான். நான் விடக்கூடாது என்றுதான் இதை எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

இரண்டு பெயர்களையும், கரும்பலகையில் முதல் நாள் எழுதுவதுபோல், பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். இங்கே அவற்றைப் போடவில்லை. "முகநூல்ல வேணாம் டீச்சர், தவில்ல இருந்தாப் போதும்" என்றான்.

பேட் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சங்கிலி தப்பித்தது. சென்னையில் ஒருவர் பயன்படுத்திய பேட் பாதி விலைக்குக் கிடைத்திருக்கிறது. அப்பாவின் தவில் சத்தத்தைப் பதிவு செய்து மகன் அதில் ஏற்றியிருக்கிறான். அந்தக் கட்டத்தைத் தட்டினால் சின்னத் திரையில் 'தவில் 1' என்று வருகிறதாம். "அதுல என் பேரு இல்ல டீச்சர்" என்று சிரித்தபடி பைக்கை எடுத்தான். அந்தப் பையன் இதைப் படித்தால், அப்பா பெயரை அதில் மாற்றிவிடப்பா.

பிள்ளைகளே, அடுத்த முறை கல்யாணத்துக்குப் போகும்போது, மேளக்காரர்கள் சாப்பிட்டார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அப்படியே பெயரையும் கேளுங்கள். நாற்பது வருஷம் கழித்துக் கேட்டால் என்னைப் போல் கை நடுங்கும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
காரைக்குடி.