பையன்கள் காக்கும் அமைதி

மெடெயின், கொலம்பியா



இந்த ஊரின் பெயரைச் சொன்னால் உங்களுக்கு முதலில் போதைக் கடத்தல் தாதா பாப்லோ எஸ்கோபார் நினைவுதான் வரும். அவன் சுட்டுக் கொல்லப்பட்டது 1993 டிசம்பர் 2இல். அதற்கு இரண்டாண்டு முன்பு, 1991இல் மட்டும், இங்கே 6,000க்கும் மேற்பட்டோர் கொலையுண்டார்கள். லட்சம் பேருக்கு ஏறத்தாழ 380 பேர். 2023இல் மொத்தக் கொலைகளே 400ஐ எட்டவில்லை. இந்த இறக்கத்தைக் காட்டித்தான் மெடெயினைத் திருந்திய ஊர் என்று உலகமெங்கும் மேடைபோட்டுப் பேசுகிறார்கள். கொலை குறைந்தது உண்மை. யார் மனம் வைத்ததால் குறைந்தது என்று கேட்டால் கொண்டாட்டம் பாதியாகச் சுருங்கிவிடுகிறது.

மலைச்சரிவுக் குடியிருப்புகளை இன்றும் பங்குபோட்டு வைத்திருப்பவை 'கொம்போ' எனப்படும் தெருக் கும்பல்கள். முந்நூறுக்கு மேல் இருக்கின்றன. குடியிருப்பவர்கள் அவர்களைக் கும்பல் என்று சொல்வதில்லை. 'பையன்கள்' என்றே சொல்கிறார்கள். பயமும் பழக்கமும் சரிபாதி கலந்த சொல் அது. கடைக்காரரும் பேருந்து ஓட்டுநரும் மாமூல் கட்ட வேண்டும். அதற்கு இங்கே பெயர் 'வாகூனா', அதாவது தடுப்பூசி. போட்டுக்கொண்டால் நோய் வராது! சில பேட்டைகளில் முட்டை, பால், எரிவாயு உருளை, சோள மாவில் சுடும் அரேபா அடை எல்லாமே அவர்கள் கைகாட்டும் ஆளிடம்தான் வாங்க வேண்டும். 'சொட்டுச் சொட்டாக' என்று பெயர் பெற்ற தினவட்டிக் கடனும் அவர்களுடையதே. நம் கந்துவட்டிக்கு அண்ணன் முறை. வாடகைத் தகராறு, குடித்துவிட்டு மனைவியை அடிக்கும் கணவன், திருட்டுப்போன கைப்பேசி எல்லாவற்றுக்கும் பஞ்சாயத்து அவர்களிடம் நடக்கிறது. காவல் நிலையத்தைவிடச் சீக்கிரம் தீர்ப்பு கிடைக்கும் என்பதால் ஆட்கள் போகத்தான் செய்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் பிளாட்மனும் கொலம்பிய ஆய்வாளர்களும் சேர்ந்து இதை ஆராய்ந்தார்கள். தெருவை அமைதியாக வைத்திருந்தால் போலீஸ் உள்ளே வராது, போதை வியாபாரம் தடையில்லாமல் நடக்கும்; கும்பல் பஞ்சாயத்து பண்ணுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம் என்றார்கள். ஊர் அமைதி, அவர்களுக்குத் தொழில் முதலீடு.

கொலைக் கணக்கின் ஏற்ற இறக்கத்தையே பாருங்கள். 2003இல் 'தோன் பெர்னா' என்ற தாதாவின் கீழிருந்த சட்டவிரோதத் துணைராணுவக் குழுவினர் எண்ணூறுக்கும் மேற்பட்டோர் ஆயுதங்களை ஒப்படைத்தார்கள். ஆனால் ஊரின் கும்பல்கள் அவன் சொல்லுக்குக் கட்டுப்பட்டே கிடந்தன, கொலையும் சரிந்தது. ஆளுகை என்பதற்கான ஸ்பானியச் சொல்லில் அவன் பெயரை ஒட்டவைத்து 'தோன்பெர்னாபிலிதாத்' என்று ஊரார் நக்கலாகச் சொன்னார்கள். 2008 மே மாதம் அவனை அமெரிக்காவுக்கு நாடு கடத்தினார்கள். வாரிசுச் சண்டை மூண்டது. 2009இல் கொலைகள் மறுபடி 2,000ஐத் தாண்டின. 'கண்ணுக்குத் தெரியாத எல்லை' என்று இங்கே சொல்லும் கோட்டைத் தெரியாமல் தாண்டிய பள்ளிப் பிள்ளைகளும் செத்தார்கள். 2013இல் பெரிய கும்பல்கள் 'துப்பாக்கி ஒப்பந்தம்' செய்துகொண்ட பிறகு கணக்கு மீண்டும் இறங்கியது. தாதாக்கள் ஒத்துப்போனால் ஊர் பிழைக்கும், முறைத்துக்கொண்டால் சாகும்.

அரசு ஒன்றுமே செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்தது. 2004இல் ஏழைக் குடியிருப்புகளின் தலைக்கு மேல் கம்பிவட ஊர்தி ஓடத் தொடங்கியது. 2011இல் கொமூனா 13 என்ற நகர்ப்பகுதியின் செங்குத்துச் சரிவில் திறந்தவெளி மின்படிகள் வந்தன. கம்பிவடம் போன பேட்டைகளில் கொலை மற்ற பேட்டைகளைவிட வேகமாகக் குறைந்ததாக 2012இல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது. என் வாதத்துக்கு இது இடைஞ்சல்தான். ஆனாலும் ஒப்புக்கொள்ள வேண்டியது. அதே மின்படிகளைப் பார்க்க வரும் சுற்றுலாக் கூட்டத்தை நம்பிப் பிழைக்கும் வியாபாரிகளிடம் வாகூனா வசூலாவதையும் சேர்த்துத்தான் கணக்கைப் பார்க்க வேண்டும். சாவதைவிட மாமூல் கட்டுவது மேல் அல்லவா என்றால், மேல்தான். பிள்ளை வைத்திருக்கும் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அப்படித் தப்பும் உயிர், கொடுத்தவன் நினைத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய இரவல்.

இரும்புக் கையால் அடக்குவதே வழி என்னும் இன்னொரு தரப்பு எல் சல்வதோரைக் காட்டும். 2022 மார்ச்சில் அங்கே நெருக்கடி நிலையை அறிவித்து 80,000க்கும் மேற்பட்டோரைச் சிறையில் அடைத்தார்கள். கொலைகள் அடியோடு குறைந்தன. நானும் மறுக்கவில்லை. ஆனால் இரும்புக் கை மெடெயினுக்குப் புதிதல்ல. 2002 அக்டோபரில் 'ஓரியன்' என்ற பெயரில் ராணுவமும் போலீசும் ஹெலிகாப்டர்களோடு கொமூனா 13க்குள் இறங்கின. அங்கே வேரூன்றியிருந்த இடதுசாரிக் கெரில்லாக்கள் விரட்டப்பட்டார்கள், அந்த இடத்தில் தோன் பெர்னாவின் ஆட்கள் உட்கார்ந்துகொண்டார்கள். இளைஞர்கள் பலர் காணாமல் போனார்கள். காணாமல் போனவர் கொலைக் கணக்கில் சேரமாட்டார் என்பதால் வரைபடத்தின் கோடு அழகாகவே இறங்கியது. பிள்ளைகளின் உடல்கள் மலைமேல் கட்டட இடிபாடு கொட்டும் 'லா எஸ்கொம்ப்ரேரா'வில்தான் கிடக்கின்றன என்று தாய்மார்கள் இருபது ஆண்டுக்கு மேல் சொல்லிவந்தார்கள், நம்பியவர்கள் குறைவு. 2024 டிசம்பரில் அங்கே தோண்டியபோது எலும்புகள் கிடைத்தன. அடுத்த மாதம் நகரச் சுவர் ஒன்றில் 'கிழவிகள் சொன்னதுதான் சரி' என்று இளைஞர்கள் எழுதினார்கள். நகராட்சி அதன்மேல் சாயம் அடித்து அழித்தது. அவர்கள் திரும்ப எழுதினார்கள்.