விகடகவியைத் திருப்பிப் படித்தால்

ஜாவா நடத்துகிறவர்களுக்கு ஸ்ட்ரிங் பாடம் வந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று தோன்றும். கிளாஸ், ஆப்ஜெக்ட், கன்ஸ்ட்ரக்டர் என்று கைக்குப் பிடிபடாத சங்கதிகளைச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்ட பிறகு, பெயர், ஊர், முகவரி என்று பிள்ளைகளுக்குத் தெரிந்த உலகம் வருகிறது. இரட்டை மேற்கோள் குறிக்குள் எதைப் போட்டாலும் திரையில் அப்படியே வந்துவிடும். இது சுலபம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். நாமும் அப்படியே விட்டுவிடுகிறோம். என்னைக் கேட்டால் ஜாவாவில் ஆளை மிகவும் ஏமாற்றுகிற பாடம் இதுதான்.

ஏமாற்று வேலை == என்ற குறியில் ஆரம்பிக்கிறது. நிரலுக்குள்ளேயே "மதுரை" என்று இரண்டு இடத்தில் எழுதி == போட்டு ஒப்பிட்டால் 'ட்ரூ' என்று வரும். அதே மதுரையைக் கீபோர்டில் தட்டி வாங்கி ஒப்பிட்டால் 'ஃபால்ஸ்'. பார்வைக்கு ஒரு கால், ஒரு கொம்பு வித்தியாசம் கிடையாது. விஷயம் என்னவென்றால் == கேட்கிற கேள்வியே வேறு. ஸ்ட்ரிங் என்பது ஓர் ஆப்ஜெக்ட். இரண்டு பக்கமும் இருப்பது ஒரே ஆப்ஜெக்டா என்று மட்டுமே அது பார்க்கும். ஒரு கல்யாணப் பத்திரிகையின் இரண்டு பிரதிகளை எடுத்துக்கொள்ளுங்கள்: செய்தி ஒன்று, தாள் இரண்டு. செய்தியை ஒப்பிடுவதற்கு ஈக்வல்ஸ் என்று தனி மெத்தட் இருக்கிறது. சரி, முதலில் மட்டும் ஏன் ட்ரூ வந்தது? நிரலில் நேரடியாக எழுதும் சொற்களை ஜாவா ஒரு பொதுக் கிடங்கில் சேர்த்து வைக்கிறது. அதே சொல் மறுபடி வந்தால் பழைய ஆப்ஜெக்டையே எடுத்து நீட்டுகிறது. ஆக == எப்போதும் தப்பாகவே வந்தால் பையன்கள் அன்றைக்கே விட்டுவிடுவார்கள். பாதி நேரம் சரியாக வந்து தொலைப்பதால்தான் மூன்றாம் செமஸ்டர் புராஜெக்ட் வரை அதைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

அடுத்த புகார் இப்படி வரும்: "சார், ட்ரிம் போட்டேன், ஸ்பேஸ் போகவே மாட்டேங்குது." போட்டது நிஜம்தான். ஆனால் ட்ரிம் பழைய ஸ்ட்ரிங்கைத் தொடாது. இடைவெளி நீக்கிய புதிய ஒன்றைச் செய்து கொடுக்கும். அதை வாங்கி வைக்க ஒரு வேரியபிள் இல்லையென்றால் வேலை வீண். ஒரு ஸ்ட்ரிங் உருவான பிறகு அதில் ஓர் எழுத்தைக்கூட யாரும் மாற்ற முடியாது என்பது ஜாவாவின் சட்டம். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இது வீண் பிடிவாதமாகப் படும். ஆனால் பொதுக் கிடங்கு நிற்பதே இந்தச் சட்டத்தின்மேல்தான். ஒரே "மதுரை"யைப் பல இடங்கள் பகிர்ந்துகொள்ளும்போது ஓரிடத்தில் யாரோ அதைத் "தஞ்சை" ஆக்கிவிட்டால் மற்ற இடங்களின் கதி என்ன? ஒரு கோப்பைத் திறக்க அனுமதி உண்டா என்று பெயரைச் சோதித்த பிறகு, திறப்பதற்குள் அந்தப் பெயரை மாற்ற முடிந்தால்? இந்தப் பாதுகாப்புக்கு ஒரு விலை உண்டு. 10,000 எழுத்துகளை ஒரு லூப்பில் + போட்டு ஒவ்வொன்றாக ஒட்டினால், ஒவ்வொரு சுற்றிலும் அதுவரை சேர்ந்தது முழுக்கப் புதிதாகப் பிரதி எடுக்கப்படும். கூட்டிப் பார்த்தால் சுமார் 5 கோடி எழுத்து. அதைத் தவிர்க்க உதவும் ஸ்ட்ரிங் பில்டர் 2004-இல் ஜாவா 5-உடன் வந்தது.

இவ்வளவும் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்கும். லேப் மேனுவலில் வரும் பெயர்களெல்லாம் ஆங்கில எழுத்தில் இருப்பதால் அதற்கு மேல் போக யாருக்கும் அவசியமும் வருவதில்லை. மேற்கோள் குறிக்குள் தமிழைத் தட்டும்போதுதான் பாடத்தின் அடித்தளமே வெளியே தெரிகிறது.

"சார், 'தமிழ்'னா மூணு எழுத்துதானே? லெங்த் அஞ்சுங்குது" என்று ஒருத்தி கேட்டாள். கேள்வி என்றால் இது கேள்வி. ஜாவா 1.0 வெளியான 1996-இல், உலகத்து எழுத்தெல்லாம் 16 பிட்டுக்குள், அதாவது 65,536 இடங்களுக்குள் அடங்கிவிடும் என்று நம்பித்தான் 'கேர்' என்ற வகையை 16 பிட்டாக வைத்தார்கள். அதே ஆண்டில் வந்த யூனிகோடு 2.0 அந்த எல்லையைத் தாண்டிப் போய்விட்டது. லெங்த் எண்ணுவது இந்த 16 பிட் அலகுகளை. தொல்காப்பியர் சொன்ன எழுத்து அதற்குத் தெரியாது. த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி: ஐந்து. கேர்அட் மெத்தடில் 2 என்று கொடுத்துப் பாருங்கள், துணையில்லாமல் ஒரு கொக்கி மட்டும் வந்து நிற்கும். முந்திரி, மா, காணி என்ற நம் பழைய பின்னக் குறிகளுக்கு 2019-இல்தான் யூனிகோடு 12-இல் இடம் கிடைத்தது, அதுவும் அந்த 65,536-க்கு வெளியே. அதனால் 320-இல் ஒரு பங்கான முந்திரியின் குறி, ஒற்றைக் குறிதான் என்றாலும், ஜாவாவில் நீளம் 2!

லேப்பில் தவறாமல் வரும் பாலிண்ட்ரோம் புரோகிராமைத் தமிழில் ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். ஸ்ட்ரிங் பில்டரில் ரிவர்ஸ் போடு, பழையதோடு ஈக்வல்ஸ் பார், அவ்வளவுதான் புரோகிராம். "விகடகவி" கொடுத்தால் 'இல்லை' என்று பதில் வரும். தெனாலிராமனுக்கு வந்த சோதனை! திருப்பிப் போடும்போது கடைசி 'வி'யின் கொக்கி முன்னால் வந்துவிடுகிறது; பிறகு எப்படி ஒத்துப்போகும்? மாறாக "பாப" என்று அரைகுறையாகத் தட்டினால் 'ஆமாம்' என்கிறது. ப, கால், ப என்று அதன் கணக்கில் அது கச்சிதமான பாலிண்ட்ரோம். திருப்பிப் படித்தாலும் மாறாத மாலைமாற்றாகவே சம்பந்தர் ஒரு பதிகம் பாடியிருக்கிறார், மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. உயிர்மெய்யை ஒரே எழுத்தாக எண்ணாவிட்டால் அந்தப் பதிகத்துக்கே கட்டுமானம் இல்லை. லேப்பில் இதைச் சொன்னால் பின் பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும்.

இன்னும் நுட்பமான ஒரு வம்பு உண்டு. "கொற்கை"யில் வரும் கொ-வை ஒகரக் குறி ஒன்றாலும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். ஈக்வல்ஸ் மட்டும் வேறு வேறு என்று சாதிக்கும். ஈக்வல்ஸ் போட்டால் தப்பு வராது என்று நாமே சொல்லிக்கொடுத்த பிறகு இது! ஒப்பிடும் முன் இரண்டையும் நார்மலைசர் என்ற கிளாஸில் விட்டு ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஜாவா 6 முதல் இருக்கிறது. வரிசைப்படுத்துவதிலும் கவனம் தேவை. இஸ்கி என்ற இந்தியப் பொது வரிசையை ஒட்டி யூனிகோடு வைத்ததால் ந-வுக்குப் பக்கத்தில் ன, ர-வுக்குப் பக்கத்தில் ற. சும்மா கம்பேர்டூ போட்டால் "மனம்" முன்னால் வரும், "மரம்" பின்னால் போகும். அகராதியில் இது தலைகீழ்.

உயிர்மெய்யை முழுசாக எடுக்க வழி இல்லாமல் இல்லை. ஜாவா 9 முதல் ரெஜெக்ஸில் பின்சாய்கோடும் பெரிய எக்ஸும் போட்டால், கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவதைப் பெரும்பாலும் ஒன்றாகவே எடுத்துக் கொடுக்கும். அதை வைத்து எழுதினால் "தமிழ்" மூன்று, விகடகவியும் தேறிவிடுவார். பெரும்பாலும் என்றேனே, அது க்ஷ-வுக்காக. அதை க், ஷ என்று இரண்டாகத்தான் பிரிக்கும். இரண்டு எழுத்தின் கூட்டு என்று சொல்லலாம், நெடுங்கணக்கு அட்டையில் ஒன்றாகத்தானே படித்தோம் என்றும் சொல்லலாம். அந்தத் தீர்ப்பை ஜாவா தராது; நிரல் எழுதுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். போன பேட்சில் இதற்கே இரண்டு கட்சி ஆகிவிட்டது. "லக்ஷ்மி" என்று தட்டி 4 என்ற விடையைப் பார்த்தவள், மூன்றுதான் என்று அடம்பிடித்தாள். "லட்சுமினு எழுதினாலும் நாலுதானே, சண்டையே இல்லயே" என்றான் பக்கத்தில் இருந்தவன். அவள் ஒப்பவில்லை. க்ஷ-வுக்கென்று தனியாக ஓர் இஃப் எழுதி, 3 வந்த பிறகுதான் சிஸ்டத்தை அணைத்தாள்.