பொம்மை பகலுக்கு, சத்தம் ராத்திரிக்கு

வயல் பொம்மைக்குள்ளே ஸ்பீக்கர் வைத்துத் தரச் சொல்லி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, வருவது மயிலா பன்றியா என்பதைத்தான். மயில் பகலில் வரும், கண்ணால் கண்டு மிரளும். காட்டுப்பன்றி இருட்டிய பிறகு இறங்கும். அதற்குக் கண் மந்தம், காதும் மூக்கும் கூர்மை. வைக்கோல் திணித்த சட்டையும் முறுக்கு மீசையும் அதன் முன்னால் நின்றாலும் ஒன்றுதான், நிற்காவிட்டாலும் ஒன்றுதான்.

அச்சன்புதூர், வடகரை, பண்பொழி, மேக்கரை என்று மலையடிவாரத்தில் வயல் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காவல் புதிதில்லை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கும் பெண்கள் தழல், தட்டை, குளிர் என்று சத்தம் எழுப்பும் கருவிகளோடு பரணில் இருக்கிறார்கள். தட்டை என்பது பிளந்த மூங்கில்தான். மூங்கில் நம்மிடமும் இருக்கிறது. விடிய விடியப் பரணில் உட்கார ஆள்தான் இல்லை. அந்த ஆளைத்தான் நான் பொம்மையின் பானைத் தலைக்குள் உட்கார வைக்கப் பார்க்கிறேன்.

சாரல் காலத்தில் பேட்டரியே வேண்டாம். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று வேலையைப் பார்த்துக்கொள்ளும். பழைய டேபிள் ஃபேன் இறக்கையைக் கம்பில் மாட்டி, அதன் பின்னால் செயின் துண்டில் ஒரு போல்ட்டைத் தொங்கவிட்டால், சுற்றும்போதெல்லாம் எவர்சில்வர் தட்டில் அடிக்கும். கேசட் நாடாவை ஒரு முறுக்கு முறுக்கி இரண்டு கம்புக்கு நடுவே இழுத்துக் கட்டினால் காற்றில் அதிர்ந்து உறுமும். காற்று ஏறி இறங்குவதால் சத்தமும் ஒரே மாதிரி இருக்காது. கார் நெல்லுக்கு இது போதும். பிசானப் பருவத்தில் காற்றை நம்ப முடியாது. அப்போதுதான் ஸ்பீக்கருக்கு வேலை.

பொம்மையின் தலைக்குக் கரிப்பானை, அதில் சுண்ணாம்புப் புள்ளி. எல்லோரும் செய்வதுதான். நான் பானையைக் கவிழ்த்து, வாய் தரையைப் பார்க்கும்படி மாட்டி, உள்ளே ஸ்பீக்கரையும் கீழ்நோக்கி வைக்கிறேன். மழை உள்ளே போகாது. சத்தம் தரையில் பட்டுச் சிதறுவதால் எங்கிருந்து வருகிறது என்பதும் சட்டென்று பிடிபடாது. காகிதக் கூம்பு வைத்த ஸ்பீக்கர் சாரலில் ஊறிப் பிய்ந்துவிடும். பிளாஸ்டிக் கூம்புதான் தாங்கும். ஒயர் நுழையும் ஓட்டையை எம்-சீல் வைத்து அடைக்காவிட்டால் எறும்பு குடியேறிவிடும். காய்கறி வண்டிக்காரர்கள் மாட்டியிருக்கும் மெமரி கார்டு ஒலிபெருக்கி ஒன்றைப் பிரித்தால் பாதிச் சாமான் கிடைத்துவிடும். ஒரு பைக் பேட்டரியும் சின்ன சோலார் தகடும் சேர்த்தால் வேலை முடிந்தது.

என்ன சத்தம் வைப்பது என்பதைவிட எவ்வளவு நேரம் சும்மா இருக்க வைப்பது என்பதில்தான் என் நேரம் போகிறது. ஓயாமல் குரைக்கும் நாய்க்குப் பன்றி சில ராத்திரிகளில் பழகிவிடும். இதற்கு டைமர் சர்க்யூட் தேவையில்லை. ஒரே ஆடியோ ஃபைலில் அரை நிமிடம் குரைப்பு, இருபது நிமிடம் மௌனம், ஒரு ஆள் அதட்டல், ஏழு நிமிடம் மௌனம், தகரத்தில் ஒரு அடி, முக்கால் மணி நேரம் மௌனம் என்று கணக்கில்லாமல் கலைத்து அடுக்கி, திரும்பத் திரும்ப ஓடவிட்டால் போதும். அதைவிட நல்லது, ஆள் நடமாட்டம் அறியும் சென்சார். பன்றி வரப்பில் கால் வைத்த நொடியில் சத்தம் வந்தால், யாரோ தன்னைப் பார்த்துவிட்டார்கள் என்று அது நினைக்கும்.

யானைக்கு இந்த வித்தையை நான் செய்து கொடுப்பதில்லை. விவேக் துப்பில், ரிச்சர்ட் காஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தென்னிந்திய வயலோரங்களில் யானை கடந்தால் தானே ஒலிக்கும் கருவி வைத்துப் பார்த்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். புலி உறுமலைக் கேட்ட யானைகள் சத்தமில்லாமல் பின்வாங்கின. சிறுத்தை உறுமலுக்கோ பிளிறிக்கொண்டு நின்ற பிறகே விலகின. சத்தத்தை எடைபோடத் தெரிந்த மிருகம் அது. தப்பான சத்தம் அதைக் கோபப்படுத்தினால், பக்கத்து வயலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பவர் என்ன ஆவார்? வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டு வீட்டில் இருங்கள் என்பேன்.

மயில் விஷயத்திலும் வரம்பு உண்டு. 1963 முதல் அது தேசியப் பறவை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. விரட்டுவதோடு நின்றுகொள்ள வேண்டும். அதற்கு சத்தத்தைவிட அசைவு முக்கியம்; காற்றில் ஆடும் கை, பளபளக்கும் தாள் போதும்.

பெரிய ஸ்பீக்கர் கேட்பவர்களுக்கும் ஒரு கணக்குச் சொல்வேன். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். நடுவயலில் ஒரு பெரியதை அலறவிடுவதைவிட, பன்றி நுழையும் தடத்தில் சின்னதாக இரண்டு வைப்பது மேல். ஊர் தூங்கும்; ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்ற 2000ஆம் ஆண்டு விதியும் இருக்கிறது.

வாங்கிப் போகிறவர்களிடம் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். வாரம் ஒரு தடவையாவது பொம்மையை இடம் மாற்ற வேண்டும், சட்டையை மாற்ற வேண்டும், சத்தத்தின் வரிசையைக் கலைக்க வேண்டும். நட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று கேட்பவருக்கு நான் செய்து தருவதில்லை. அறுப்பு வரைக்கும் அவர் வயலில் நிற்கப்போவது வெறும் பானைதான்; அதை அவரே செய்துகொள்ளலாம்.