ஃபியூஸ் மேல பழி போடாதீங்க பாஸ்!

காவேரிப்பட்டினம்னு சொன்னதும் கோவலன், கண்ணகி, கடற்கரைனு கிளம்பிடாதீங்க. அது காவிரிப்பூம்பட்டினம். இது கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரி போற வழியில இருக்கிற ஊர். இங்கே கடலும் கிடையாது, காவேரியும் கிடையாது. ஓடுறது தென்பெண்ணை. கர்நாடகாவில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணை, கே.ஆர்.பி. டேம்னு ரெண்டு இடத்துல மூச்சு வாங்கிட்டு இந்த ஊருக்கு வருது.

ஆறு மாதிரியே வண்டிகளும் மேலேயிருந்துதான் இறங்கி வருது. பெங்களூரு - சேலம் நெடுஞ்சாலை. அந்தக் காலத்து என்.எச். 7, இப்ப 44. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்.னு வண்டி பிறக்கிற ஊர் ஓசூர். வயசான வண்டிக்கு வைத்தியம் பார்க்கிறது என்னவோ, ‘செல்ஃப், டைனமோ, வயரிங்’னு போர்டு மாட்டின ரோட்டோரக் கடைகள்தான்.

அப்படி ஒரு கடையில நிப்பட்டைக் கடிச்சிட்டு உட்கார்ந்திருந்தப்ப, கே.ஏ. நம்பர் போட்ட பழைய கார் ஒண்ணு வந்து நின்னுச்சு. உள்ளே நாலு காலேஜ் பசங்க. சேலம் போகணுமாம். ஹெட்லைட் மங்கலா எரியுது, ஃபியூஸ் அடிக்கடி போகுது. அதனால நீல கலர் 15 ஆம்பியரைக் கழட்டிட்டு, பச்சை கலர் 30 ஆம்பியரைச் சொருகியிருக்காங்க. “இப்ப போகவே இல்லைண்ணா!”னு ஒருத்தனுக்குப் பெருமை வேற.

“ஃபியூஸ் போகாது தம்பி. அதுக்குப் பதிலா வயர் போகும்”னார் எலெக்ட்ரீஷியன் அண்ணன்.

ஃபியூஸைப் பிடுங்கிக் காட்டினார். உள்ளே கம்பி முழுசா இருக்கு. ஆனா காலும், அது உட்கார்ற கிளிப்பும் பச்சைப் பசேல்! வீட்டுல பித்தளைக் குத்துவிளக்கைப் பார்த்திருப்பீங்களே, அதே களிம்பு. கண்ணாடி ரப்பர் பழசாகி, மழைத் தண்ணி ஃபியூஸ் பாக்ஸ் மேல சொட்டியிருக்கு.

அடுத்து அவர் செஞ்சதுதான் சூப்பர். ஃபியூஸை மறுபடி மாட்டி, ஹெட்லைட்டைப் போட்டுட்டு, ஃபியூஸுக்கு முன்னாடி வயர்ல ஒரு முனை, பின்னாடி வயர்ல ஒரு முனைனு மல்டிமீட்டரை வெச்சார். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டணும். காட்டினது 2 வோல்ட்.

‘ஜுஜுபி, ரெண்டே வோல்ட்தானே’னு நினைக்காதீங்க. அந்த வண்டியில ரெண்டு லைட்டுக்கும் ஒரே ஃபியூஸ். 60 வாட் பல்பு ரெண்டு, 12 வோல்ட் பேட்டரி... சுமார் 10 ஆம்பியர் ஓடும். 10 ஆம்பியர், 2 வோல்ட்னா 20 வாட். அதாவது, ஒரு சின்ன சோல்டரிங் அயர்னை டேஷ்போர்டுக்குள்ள ஆன் பண்ணி வெச்ச மாதிரி! அந்தச் சூட்டுலதான் நல்ல 15 ஆம்பியர் ஃபியூஸ்கூட அல்பாயுசுல போயிருக்கு. பல்புக்கு மிச்சம் 10 வோல்ட்தான். வெளிச்சம் ஏறக்குறைய பாதி.

தர்மபுரி தாண்டினா தொப்பூர் கணவாய் இறக்கம். விபத்துக்குப் பேர்போன ரோடு. பின்னாடி லோடு லாரி அழுத்திட்டு வரும்போது பாதி வெளிச்சத்தோட அதுல இறங்குறதை நினைச்சாலே எனக்கு வயித்தைக் கலக்குச்சு. பசங்க முகத்துல இருந்த சிரிப்பும் காணோம்.

வைத்தியம் ரொம்ப சிம்பிள். முதல்ல பேட்டரி நெகட்டிவைக் கழட்டணும். பாசிட்டிவ்ல கை வெச்சு, ஸ்பேனர் பாடியில பட்டா தீப்பொறி பறக்கும். நெகட்டிவ் முன்னாடியே கழண்டிருந்தா அந்த வம்பு இல்லை. களிம்பை நைஸ் எமரி பேப்பரால லேசா தேய்ச்சார். சூட்டுல கருகித் தளர்ந்த ஹோல்டரைத் தேய்க்கவே இல்லை. அதை வெட்டி எறிஞ்சிட்டு புதுசு போட்டார். “சுருங்கின பிளாஸ்டிக் பிடி கொடுக்காது” என்றார். பாடியில இறங்குற எர்த் வயரைக் கழட்டி, துருவைச் சுரண்டி, திரும்ப முடுக்கினார். நிறைய பேர் இதை மறந்துட்டு, பல்பை மாத்தி மாத்திக் காசைக் கரைப்பாங்களாம். பேட்டரி டெர்மினலுக்கு மட்டும் மேலாக வாசலின். கடைசியா, பழைய நீல கலர் 15 ஆம்பியர்.

மறுபடி மீட்டர் வெச்சார். 0.1 வோல்ட்கூட இல்லை. கடைச் சுவரில் ரெண்டு வட்டம் பளிச்னு விழுந்துச்சு.

பச்சை ஃபியூஸை என்ன பண்றதுன்னு ஒருத்தன் கேட்டான். அண்ணன் அதை வாங்கித் தன் டப்பாவுல போட்டுக்கிட்டு, நாலு நீலத்தை எண்ணி அவன் கையில வெச்சார். “ரப்பரை மாத்துங்க, இல்லைன்னா அடுத்த மழைக்குத் திரும்ப வருவீங்க.”