மறுபடியும் அடையாறுக்கு

கோவில்பட்டியில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது எழும்பூர். கல்யாணம், வளைகாப்பு என்று எத்தனையோ தடவை போன வழிதான். ஆனால் 2023-ல் போனபோது இவர் ராத்திரி முழுக்க ஒருக்களித்துப் படுத்தபடியே வந்தார். உட்கார முடியவில்லை.

இவருக்கு 2021-ல் மலக்குடலில் புற்று என்று அடையாறில்தான் கதிர் வைத்து, ஆபரேஷன் செய்து குணமானது. "மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டணும்" என்று சொல்லி அனுப்பினார்கள். முதல் வருஷம் ஒழுங்காகப் போனோம். அப்புறம் பெரியவளுக்குப் பேறுகாலம், தீபாவளி... "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு வீண் செலவு?" என்றார் இவர். நானும் சரி என்றுவிட்டேன். பிட்டத்தில் வலி வந்தபோது மூலம் என்று நினைத்துக் கருணைக்கிழங்கு மசியல் செய்து போட்டேன், இரண்டு மாதம்!

காந்தி நகரில், பக்கிங்ஹாம் கால்வாய்க் கரை ரோட்டில் இருக்கிறது ஆஸ்பத்திரி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. அவருடைய தங்கையைப் பலி கொண்டதும் இதே மலக்குடல் புற்றுதானாம். முதலில் சீதபேதி என்று வைத்தியம் பார்த்தார்களாம். பெஞ்சில் காத்திருந்தபோது இதைக் கேட்டதும் என் மசியல்தான் நினைவுக்கு வந்தது.

ஸ்கேன்கள் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "பழைய இடத்துக்குப் பக்கத்திலேதான் வந்திருக்கும்மா. ஈரலுக்கோ நுரையீரலுக்கோ போகலை. எலும்பிலே ஒட்டாம இருக்கிறதாலே முழுசா எடுத்துடலாம். ஓரத்திலே துளி மிஞ்சினாலும் பிரயோஜனமில்லை."

திரும்பி வந்தால் அவ்வளவுதான் என்று பயந்திருந்த எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஏற்கெனவே கதிர் பட்ட இடம் என்பதால் இந்தத் தடவை குறைந்த அளவில், யோசித்து யோசித்துத்தான் வைத்தார்கள். எல்லோருக்கும் அப்படி இரண்டாம் முறை வைப்பதில்லையாம். கூடவே மாத்திரை. அதில் இவருக்கு உள்ளங்கை உரிந்து, சோறு பிசையக்கூட முடியாமல் போயிற்று, நான்தான் ஊட்டிவிட்டேன். பிறகு ஆபரேஷன். ஆசனவாயை எடுத்துவிட்டு, வயிற்றின் இடது பக்கம் வழி வைத்துப் பை மாட்டிவிட்டார்கள். இனி ஆயுசுக்கும் அப்படித்தான்.

பை என்றதும் இவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரண்டு நாள் பேச்சே இல்லை. நர்ஸ் எனக்குத்தான் முதலில் கற்றுக்கொடுத்தாள். சுற்றியுள்ள தோலை வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் கழுவி, மெத்தென்ற துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும். எண்ணெய், பவுடர் கூடாது, பை ஒட்டாது. மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிட வேண்டும். மொச்சை, முட்டைகோஸைக் குறைத்தால் வாயுத் தொல்லை இல்லை. மூன்றாம் வாரம் இவரே, "நகரு, நான் மாத்திக்கிறேன்" என்றார்.

இப்போது இவர் கடைக்குப் போகிறார், சைக்கிள் மட்டும் வேண்டாம் என்று வைத்திருக்கிறோம். அடுத்த ரத்தப் பரிசோதனைத் தேதியைக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறேன். எழும்பூருக்கு டிக்கெட்டும் எடுத்தாயிற்று. இரண்டு பேருக்கும் கீழ் பெர்த்.